குழல் நின்றதும் வந்த குரல் – கடிதம்

வணக்கம் ஐயா,

பழைய குறிப்பு ஒன்றில் டி. விஸ்வநாதனின் புல்லாங்குழலைப் பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு யூடியூபில் தேடி ஒரு கச்சேரிப் பதிவைக் கேட்டேன். நன்றாகப் போய்க்கொண்டிருந்த குழல் நடுவில் சட்டென்று நின்று, ஒரு ஆண் குரல் பாட ஆரம்பித்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடி குழல். யாரோ இரண்டு பதிவுகளைத் தவறாக ஒட்டிவிட்டார்கள் போல என்று நினைத்தேன். அது யார் குரல்?

அப்புறம் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். வீணை தனம்மாளின் பேரன், நடனக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பேராசிரியராக இருந்து அங்கேயே மறைந்தவர் என்று தெரிந்தது. இவ்வளவு பெரிய குடும்பத்தில் பிறந்தவர் மேடையை விட்டுவிட்டு எங்கோ போய் வாத்தியார் வேலை பார்த்தது வீண்தானே என்று தோன்றியது. தவறாக நினைக்க வேண்டாம், சங்கீதம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது.

கேட்பதற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. என் மகள் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். சின்ன வயதிலிருந்து பாட்டு கற்கிறாள், பி.ஏ. இசைதான் படிப்பேன் என்கிறாள். என் மைத்துனர், ‘மேடையில் நிற்க முடியாதவங்கதான் காலேஜ்ல பாட்டு வாத்தியாரா வருவாங்க, அவங்ககிட்ட கத்துக்கிட்டு இவ என்ன ஆகப்போறா’ என்று வீட்டில் எல்லோர் முன்பும் சொல்லிவிட்டார். மகள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

– ஒரு வாசகர், திருச்சி (பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மைத்துனரைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அவர் சொன்னதை ஒரு காலத்தில் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். சபா கேன்டீனில் கீரை வடையைத் தின்றுகொண்டே இளக்காரம் பேசும் கூட்டம் ஒன்று உண்டு, அதில் சில வருடங்கள் நானும் இருந்தேன். ஒருவர் நன்றாகப் பாடினால் வித்வான் என்போம். அதே ஆள் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறார் என்று காதில் விழுந்ததும், ‘அதான் கொஞ்சம் பாடம் எடுக்கிற மாதிரி இருந்தது’ என்போம். பாட்டில் எதுவும் மாறியிருக்காது. மாறியது எங்கள் காதுதான்.

அந்தக் கூட்டத்தில் யாருக்கும், எனக்கும் சேர்த்துத்தான், வரலாறு தெரியாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சம்பளத்துக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர்கள் தஞ்சாவூர் பொன்னையா பிள்ளையும் டைகர் வரதாச்சாரியாரும். சென்னையில் 1949-ல் ஆரம்பித்த மத்திய கர்நாடக இசைக் கல்லூரிக்கு முசிறி சுப்பிரமணிய ஐயர் முதல்வர். எம்.டி. ராமநாதனைக் கலாக்ஷேத்திரா இல்லாமல் நினைத்துப் பார்க்கவே முடியாது. இவர்கள் எல்லோரும் மாதக் கடைசியில் சம்பளம் வாங்கியவர்கள்தான். மேடையில் நிற்க முடியாமலா போனார்கள்? மைத்துனரிடம் இந்தப் பட்டியலைச் சொல்லலாம், ஆனால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். ‘அதெல்லாம் அந்தக் காலம்’ என்பார். எனவே பட்டியலை விடுங்கள், நீங்கள் கேட்ட ஆளுக்கே வருகிறேன்.

விஸ்வநாதன் 1927-ல் சென்னையில் பிறந்தவர். வீடு எப்படிப்பட்டது என்று சொன்னால்தான் மற்றது புரியும். பாட்டி தனம்மாள். ஜார்ஜ் டவுனில் இருந்த அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தனம்மாள் வீணை வாசிப்பார், தெரிந்தவர்கள் வந்து உட்கார்ந்து கேட்பார்கள். அந்தக் காலத்துப் பெரிய வித்வான்களே அங்கே வந்து ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு சத்தம் கூடாது. தலையைக்கூட அடக்கமாகத்தான் ஆட்ட வேண்டும். மைக் கிடையாது, வாசிப்பது மெல்லிய நாதம், கேட்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டால்தான் காதில் விழும். 1938-ல் தனம்மாள் இறந்தபோது பேரனுக்குப் பதினொரு வயது. அதாவது சங்கீதம் என்றால் இப்படிச் சின்ன அறையில், சின்ன நாதத்தில், தெரிந்தவர்களுக்கு மட்டும் நடக்கிற காரியம் என்றுதான் அந்தப் பையன் காதில் முதலில் பதிந்திருக்கும். அரங்கம் நிறைய ஆளும் கைதட்டலும் பின்னால் வந்த விஷயம்.

அம்மா ஜெயம்மாள் பாடகி. அக்கா பாலசரஸ்வதியின் ஆட்டத்துக்கு அம்மாதான் பாடினார். அண்ணன் ரங்கநாதன், பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் மிருதங்கம் கற்றவர். பெரியம்மா, சித்தி வழியில் போனால் பாடகிகள் பிருந்தா, முக்தா. ஒரு குடும்பத்துக்குள்ளேயே கச்சேரிக்கும் சதிர் ஆட்டத்துக்கும் வேண்டிய ஆட்கள் மொத்தமும் இருந்தார்கள். அவர்கள் கையிலிருந்த சொத்து என்று பார்த்தால் பதங்கள், ஜாவளிகள் என்ற காதல் பாட்டுகள், முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகள், அதுவும் அவர்களுக்கென்று இருந்த பாடாந்தரத்தில், அதாவது வழிவழியாக வந்த பாடும் முறையில். ஒரு சங்கதியை, அதாவது ஒரு வரியை மெட்டில் மாற்றிப் பாடும் விதத்தை, மாற்றினாலும் பிருந்தா சும்மா விடமாட்டார் என்று கற்றவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பையனைக் குழலுக்கு விட்டார்கள். குரு திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளை. இங்கே ஒரு சின்ன சுவாரஸ்யம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். சுவாமிநாத பிள்ளையின் அப்பா நடராஜசுந்தரம் பிள்ளை நாகஸ்வர வித்வான், 1936-ல் தீட்சிதர் கீர்த்தனைகளை ஸ்வரத்தோடு அச்சில் கொண்டுவந்தவர். அவருக்குத் தீட்சிதர் கீர்த்தனைகள் வந்த வழி சாத்தனூர் பஞ்சு ஐயர். தனம்மாளும் அதே பஞ்சு ஐயரிடம் கற்றவர். ஆக, பையன் வீட்டை விட்டு வெளியே போய்க் கற்றாலும், போய்ச் சேர்ந்தது அதே ஆற்றின் இன்னொரு வாய்க்காலுக்குத்தான். இந்த மாதிரிக் கணக்குப் பார்த்துத்தான் அந்தக் காலத்தில் குருவைத் தேர்ந்தெடுத்தார்களா, தற்செயலா, தெரியவில்லை. எனக்கு இது தற்செயலாகத் தோன்றவில்லை.

சுவாமிநாத பிள்ளையின் வாசிப்பு பாட்டை ஒட்டிப் போவது. குழலில் விரல் வேகம் காட்டுவது சுலபம், கேட்பவருக்கும் பிடிக்கும். அவர் அதைத் தேடிப் போகவில்லை. சாகித்யத்தில், அதாவது பாட்டின் வார்த்தைகளில், எந்த எழுத்தில் மூச்சு விழ வேண்டுமோ அந்த இடத்தில்தான் குழலிலும் காற்று விழும். அவரிடம் கற்ற விஸ்வநாதனிடமும் இதுதான் ஊறியது. நீங்கள் கேட்ட பதிவில் குழல் நின்று ஒரு குரல் வந்ததே, அது அவர் குரல்தான். யாரும் தவறாக ஒட்டவில்லை. கச்சேரியில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே குழலை இறக்கிவிட்டு அந்த வரியைப் பாடுவார், திரும்ப எடுத்து வாசிப்பார். மூங்கிலுக்கு வார்த்தை சொல்லத் தெரியாது, கேட்கிறவருக்கு வார்த்தை போய்ச் சேர வேண்டும், வேறென்ன செய்வது. இன்னொரு முறை கேளுங்கள், முதலில் குரல் வருகிற இடத்தையும் அப்புறம் அதே வரி குழலில் வருகிற இடத்தையும் சேர்த்து. எங்கே நிறுத்துகிறார், எங்கே இழுக்கிறார் என்பது இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும்.

அவருக்கு ஒரு வயது மூத்தவர் மாலி, அதாவது புல்லாங்குழல் மேதை டி.ஆர். மகாலிங்கம். இந்தத் தகவல் போதும், அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. மாலி வாழ்ந்த ஊரில் இன்னொரு புல்லாங்குழல்காரர் பேர் வாங்குவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். ‘மேடையை விட்டுவிட்டுப் போனார்’ என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. ஆனால் மாலிக்குப் பயந்துதான் போனார் என்று உங்கள் மைத்துனர் சொல்லக்கூடும், அதற்கும் இடம் கொடுத்துவிடாதீர்கள். இங்கே அவர் மேடையில்தான் இருந்தார். பாலசரஸ்வதியின் நிகழ்ச்சிகளில் பக்கத்தில் உட்கார்ந்து குழல் வாசித்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1961 முதல் 1965 வரை இசைத் துறையின் தலைவராகவும் இருந்தார். அவருக்கு முன்னால் பல ஆண்டுகள் அந்தத் துறையை நடத்தியவர் சாம்பமூர்த்தி, இசையைப் பற்றிப் பாடநூல்களும் அகராதியும் எழுதிய அதே சாம்பமூர்த்திதான்.

அதற்கும் முன்பே, 1958-லிருந்து 1960 வரை, புல்பிரைட் உதவித்தொகையில் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இருந்துவிட்டு வந்திருந்தார். அங்கே மேண்டில் ஹூட் என்ற பேராசிரியர் அந்தச் சமயத்தில் ஒரு விஷயத்தை வற்புறுத்திக்கொண்டிருந்தார். இன்னொரு நாட்டு இசையை ஆராய வேண்டுமென்றால் அதைப் பாடவோ வாசிக்கவோ கற்றுக்கொண்டு ஆராய வேண்டும், ஓரமாக நின்று குறிப்பெடுத்தால் போதாது என்றார். நமக்கு இது என்ன பெரிய கண்டுபிடிப்பு என்று தோன்றும். அவர்கள் ஊரில் அது புதிது. இதன் பலன், இந்த மாதிரித் துறைகளுக்குக் கையில் வித்தை உள்ள ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஹூட்டின் பட்டறையிலிருந்து வந்த ராபர்ட் பிரவுன் என்பவர் மிருதங்கத்தைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். அவர் கனெக்டிகட் மாநிலத்தில் மிடில்டவுன் என்ற சின்ன ஊரிலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். உலக இசை என்று இன்று கடையில் லேபிள் ஒட்டுகிறார்களே, அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவராக அவரைத்தான் சொல்வார்கள். ரங்கநாதனை 1963-ல் அங்கே வரவழைத்தார்கள். பாலசரஸ்வதி போனார். பாடகர் ராம்நாட் கிருஷ்ணன் போய்ச் சொல்லிக்கொடுத்தார். இன்னொரு பாடகர் எஸ். ராமநாதன் சிலப்பதிகாரத்து இசையைப் பற்றி டாக்டர் பட்டம் வாங்கியது அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் என்பது இங்கே பல தமிழாசிரியர்களுக்கே தெரியாது.

அங்கே இளங்கலை படித்த ஒரு பையன் ஜான் ஹிக்கின்ஸ். ரங்கநாதன் வாசிப்பைக் கேட்டு இதில் விழுந்தவன், 1964-ல் உதவித்தொகை வாங்கிக்கொண்டு சென்னைக்கே வந்துவிட்டான். வந்து உட்கார்ந்தது விஸ்வநாதனிடம். திருவையாற்று ஆராதனையில் பாடும் அளவுக்கு வந்து, ஹிக்கின்ஸ் பாகவதர் என்று நம்மூர்க்காரர்களே பேர் வைத்தார்கள். இந்தப் பேரைச் சொன்னால் இன்றும் வயதானவர்கள் முகம் மலரும். ‘வெள்ளைக்காரர், என்ன உச்சரிப்பு!’ என்பார்கள். அந்த உச்சரிப்பு எங்கிருந்து வந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். தெலுங்குப் பதத்தில் ஒரு நெடிலை எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பது ஒரு அமெரிக்கப் பையனுக்குத் தானாகத் தெரியுமா? யாரோ ஒருவர் முன்னால் உட்கார்ந்து, திரும்பத் திரும்பப் பாடி, ‘இல்லை, மறுபடி’ என்று சொல்லியிருக்க வேண்டும். ஹிக்கின்ஸைக் கேட்டு அசந்துபோகும் ஒவ்வொருவரும் பாதி அசந்துபோவது விஸ்வநாதனின் பொறுமையைக் கேட்டுத்தான், அது அவர்களுக்குத் தெரியாது.

சரி, அவர் ஏன் போனார்? என் கணிப்பைச் சொல்கிறேன், கணிப்பு மட்டுமே.

பதம் என்பது சௌக்கத்தில், அதாவது மெதுவான காலத்தில், பாடுவது. ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு மெதுவாக, மிக மெதுவாக, ராகத்தின் மொத்தச் சாயலையும் அதில் ஏற்றிப் பாட வேண்டும். பாடுகிறவருக்கு மூச்சு வேண்டும், கேட்கிறவருக்கு நேரம் வேண்டும். நம் கச்சேரி அமைப்பில் இதற்கு என்ன இடம்? ராகம், தானம், தனி ஆவர்த்தனம் எல்லாம் முடிந்து, பாதிக் கூட்டம் கடைசி பஸ்ஸை நினைத்துச் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது துக்கடா வரிசையில் ஒன்று. அதுவும் எல்லாக் கச்சேரியிலும் கிடையாது. இந்த அமைப்பு நல்லதுதான், அதனால்தான் ஆயிரம் பேர் டிக்கெட் வாங்கிக் கேட்கிறார்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் தனம்மாள் வீட்டுச் சங்கீதம் இதற்கென்று செய்யப்பட்டதல்ல. போதாததற்கு, அந்தக் குடும்பங்களின் பாட்டை எடுத்துக்கொண்டு அந்தக் குடும்பங்களைத் தள்ளி வைத்த காலம் வேறு. 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது, வர வேண்டிய சட்டம்தான், ஆனால் அதையொட்டி ஊரில் புழங்கிய பேச்சையெல்லாம் அந்த வீட்டுப் பெண்கள் கேட்டுக்கொண்டுதான் நடமாட வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில் எங்கோ ஒரு பல்கலைக்கழகம், சம்பளமும் கொடுத்து, அறையும் கொடுத்து, நாலு மாணவர்களை அனுப்பி, வாரத்துக்கு இத்தனை மணி நேரம் மெதுவாகச் சொல்லிக்கொடுங்கள், எங்களுக்கு அவசரமில்லை என்றால்? ஜார்ஜ் டவுன் வெள்ளிக்கிழமை திரும்பக் கிடைத்த மாதிரிதானே. சின்ன அறை, சின்ன நாதம், வாயைத் திறக்காமல் உட்கார்ந்து கேட்கும் சிலர். நியூயார்க்கிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில், குளிர்காலத்தில் பனி மூடிக் கிடக்கும் ஊரில். எனக்கு இதில் வீண் எதுவும் தெரியவில்லை.

கலிபோர்னியாவில் சில ஆண்டுகள் கற்பித்துவிட்டு, 1975-ல் அவர் வெஸ்லியனில் நிலையாக வந்து சேர்ந்தார். அதே ஆண்டு அங்கே முனைவர் பட்டமும் பெற்றார். ஆய்வின் பொருள் ராக ஆலாபனை, அதாவது பாட்டு வரி இல்லாமல் ராகத்தை விரிப்பது. பரம்பரை வித்வான் ஒருவர் நாற்பத்தெட்டு வயதில் ஆலாபனையைப் பிடி பிடியாகப் பிரித்து எழுதி டாக்டர் பட்டம் வாங்கியதைக் கேட்டால் கேன்டீன் கூட்டம் சிரிக்கும். ஏன் எழுத வேண்டி வந்திருக்கும் என்று யோசித்தால் சிரிப்பு வராது.

தோடி ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் மகளுக்குச் சொன்னால் உடனே புரியும். புத்தகத்தில் ‘க’ என்று ஓர் எழுத்து போட்டிருக்கும். பியானோவில் வளர்ந்த ஒரு மாணவன் அதைப் பார்த்ததும் ஒரு கட்டையை அமுக்குவான், ஒரு ஸ்வரம் நேராக வரும். ஆனால் தோடியின் அந்தக் ‘க’, அதாவது காந்தாரம், நேராக நிற்பதே இல்லை. கீழே ‘ரி’ என்ற ரிஷபத்துப் பக்கமிருந்து மேலே ‘ம’ என்ற மத்யமத்துப் பக்கம் வரை அது அசைந்துகொண்டே இருக்கிறது, அந்த அசைவுதான் காந்தாரம். அசைவில்லாமல் நேராகப் பிடித்தால் ஸ்வரம் சரியாக இருக்கும், தோடி இருக்காது. குழலில் இது இன்னும் கஷ்டம். வீணையில் தந்தியை இழுக்கலாம். குழலில் துளையைப் பாதி திறந்து, விரலை வழித்து, ஊதும் காற்றைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து அந்த அசைவைச் செய்ய வேண்டும்.

நம் வீடுகளில் இதை யாரும் விளக்க மாட்டார்கள். குரு பாடுவார், ‘இப்படி’ என்பார். வரவில்லையென்றால் மறுபடியும் பாடி, மறுபடியும் ‘இப்படி’ என்பார். நானும் இரண்டு வருடம் குழல் கற்றவன்தான். எனக்குத் தோடி வரவேயில்லை, ‘இப்படி’ மட்டும் நிறைய வந்தது. தினமும் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு ‘இப்படி’ போதும், காது ஏற்கெனவே பாதி வேலையைச் செய்திருக்கும். தோடியைப் பிறந்ததிலிருந்து கேட்காத ஆளுக்குப் போதாது. அவன் ‘ஏன்?’ என்பான், ‘எவ்வளவு?’ என்பான், ‘எங்கிருந்து எங்கே?’ என்பான். பதில் சொல்ல வேண்டுமென்றால் தனக்கு மூச்சுப் போல வருகிற ஒன்றை ஆசிரியர் முதல் தடவையாகத் தூர நின்று பார்க்க வேண்டும். தன் கை என்ன செய்கிறது என்று தானே கவனிக்க வேண்டும். பல பெரிய வித்வான்களுக்கு இது முடியாது, அவசியமும் இல்லை. விஸ்வநாதனுக்கு முடிந்தது, அதே சமயம் வாசிப்பும் கெடவில்லை. என்னைக் கேட்டால் அவருடைய வாழ்க்கையில் அபூர்வமான விஷயம் இதுதான். விளக்கத் தெரிந்தவர்கள் உண்டு, வாசிக்கத் தெரிந்தவர்கள் உண்டு. ஒரே வகுப்பில், விளக்கிவிட்டுக் குழலை எடுத்து அதையே வாசித்தும் காட்டுகிறவர்களை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வெஸ்லியனில் எழுபதுகளின் நடுவிலிருந்து நவராத்திரி விழா நடக்கிறது. நம்மூர்க் கலைஞர்கள் வந்து கச்சேரி செய்வார்கள். இன்றும் நடக்கிறது.

1984 அந்த வீட்டுக்கு மோசமான வருடம். பிப்ரவரியில் அக்கா பாலசரஸ்வதி காலமானார். டிசம்பர் 7-ம் தேதி ஹிக்கின்ஸ் தன் நாயைக் கூட்டிக்கொண்டு மிடில்டவுன் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது, குடித்துவிட்டுக் கார் ஓட்டிய ஒருவர் மோதி இறந்துபோனார். வயது 45. அப்போது ஹிக்கின்ஸும் அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். குருவும் சிஷ்யரும் ஒரே ஊரில், ஒரே வளாகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று ஆண்டு கழித்து, 1987-ல், அண்ணன் ரங்கநாதன். சொல்லிக்கொடுத்ததை வாங்கிக்கொண்டுபோய்ப் பாட ஒரு சிஷ்யர், சேர்ந்து வாசிக்க ஓர் அண்ணன், யாருடைய அபிநயத்துக்காகத் தன் குழல் பழகியதோ அந்த அக்கா. நாலு வருடத்துக்குள் மூன்று பேரும் இல்லை.

அதற்கடுத்த ஆண்டு, 1988-ல், சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது கொடுத்தது. குரு சுவாமிநாத பிள்ளைக்கு 1953-ல் கிடைத்தது, அக்காவுக்கு 1973-ல், பிருந்தாவுக்கு 1976-ல். ஆக நீங்கள் நினைப்பது போல ஊர் அவரை மறந்துவிடவில்லை. 1992-ல் அமெரிக்க அரசின் தேசியப் பாரம்பரியக் கலைஞர் விருதும் கிடைத்தது. விருதுகளைப் பற்றி இவ்வளவு போதும்.

நான் யோசிப்பது வேறு. அந்த 1988-க்குப் பின்னால் இன்னும் பதினான்கு வருடம் அவர் அந்த ஊரிலேயே இருந்து வகுப்பெடுத்தார். ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிதாகச் சிலர் வருவார்கள், மாயாமாளவகௌளையில் ஸ ரி க ம-விலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதில் பாதிப் பேர் அடுத்த வருடம் வேறு பாடத்துக்குப் போய்விடுவார்கள், அதுவும் தெரிந்ததுதான். ஹிக்கின்ஸ் மாதிரி ஒருவர் மறுபடி கிடைப்பாரா என்று காத்திருந்தால் முதல் வருடமே வெறுத்துப்போயிருக்கும். 2002 செப்டம்பர் 10-ல் ஹார்ட்போர்டில் இறந்தார், வயது 75. மாணவர் மேத்யூ ஆலனோடு சேர்ந்து எழுதிய தென்னிந்திய இசை பற்றிய பாடநூல் அவர் போன பிறகு, 2004-ல் வெளிவந்தது. வெளிநாட்டில் நம் இசையைப் படிக்க வருகிறவர்கள் பலர் முதலில் எடுக்கும் புத்தகம் இன்று அது. பாலசரஸ்வதியின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய டக்ளஸ் நைட், ரங்கநாதனிடம் மிருதங்கம் கற்றவர். இப்படி நூல் பிடித்துப் போனால் எங்கெங்கோ போகிறது.

இங்கே ஒரு விஷயத்தில் உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் ஏமாற்றுவேலை ஆகிவிடும். அவர் இங்கேயே இருந்திருந்தால் அந்தப் பாடாந்தரம் இங்கே இன்னும் நாலு பேரிடம் கூடுதலாக இருந்திருக்கும். சென்னையில் குழல் கற்கும் ஒரு பிள்ளைக்கு அப்படி ஒரு வாசிப்பை நேரில் கேட்டுக் கற்க வழியில்லாமல் போனது இழப்புதான். ஆனால் அந்த இழப்புக்கு அவரைப் பொறுப்பாக்கக் கூடாது. நாம் அவருக்கு ஒரு அறையும் நேரமும் கொடுத்து, அவர் வேண்டாமென்று சொல்லிவிட்டா போனார்?

சரி, உங்கள் மகள்.

பி.ஏ. இசை படித்தால் பாடகி ஆகிவிடுவாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செமஸ்டர் கணக்கில் நடக்கிற படிப்பு அது. இத்தனை வர்ணம், இத்தனை கீர்த்தனை, இத்தனை தாளம், தேர்வு, மதிப்பெண். ஒரு கீர்த்தனையை முப்பது பேர் கோரஸாகப் பாடி ‘முடித்த’ வகுப்பு ஒன்றில் நானே உட்கார்ந்திருந்திருக்கிறேன். அடுத்த வாரம் வேறு கீர்த்தனை. அது எந்த இடம் என்று கேட்காதீர்கள். இப்போது பாட்டுச் சொல்லித்தரும் குருவை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்த வேண்டாம், கல்லூரி அதற்குப் பதில் ஆகாது. ஹிக்கின்ஸும் பட்டம் வாங்கியது வகுப்பறையில், பாட்டு வாங்கியது குருவின் எதிரில் உட்கார்ந்து.

கல்லூரியில் கிடைக்கிற வேறொன்று உண்டு. மூன்று வருடம், நாள் முழுக்க, இதே பைத்தியம் பிடித்த இன்னும் சில பிள்ளைகளோடு சேர்ந்து இருக்கலாம். பழைய பதிவுகளைக் கேட்கலாம். நாம் பாடுவது எங்கிருந்து வந்தது, பண்ணுக்கும் ராகத்துக்கும் என்ன உறவு, ஸ்வரம் எழுதும் முறை எப்படி மாறிக்கொண்டே வந்தது என்று கேள்வி கேட்கலாம். வீட்டில் குருவிடம் ‘ஏன்?’ என்று கேட்டால் சில சமயம் திட்டு விழும், அங்கே கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். நல்ல ஆசிரியர் இருந்தால். இந்த ‘இருந்தால்’தான் மொத்த விஷயமும்.

வேலை கிடைக்குமா என்றும் உங்கள் மனதில் ஓடும், கடிதத்தில் எழுதவில்லையே தவிர. சுலபமில்லை. பாட்டு ஆசிரியர் வேலை, மேற்படிப்பு, வானொலித் தேர்வு என்று வழிகள் உண்டு, எதுவும் உடனே கைக்கு வராது. கையில் தையலோ கணக்கோ கணினியோ இன்னொன்று இருந்தால் நல்லதுதான். ஆனால் பொறியியல் முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளைகள் உங்கள் தெருவிலேயே எத்தனை பேர் என்று மைத்துனரிடம் ஒருமுறை கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றிவிடுங்கள், சண்டை வேண்டாம்.

எந்தக் கல்லூரி என்று நான் சொல்லப்போவதில்லை, இங்கிருந்துகொண்டு சொல்வது சரியும் இல்லை. விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு வேலை நாளில், காலை பதினொரு மணிவாக்கில், மகளைக் கூட்டிக்கொண்டு அந்த இசைத் துறைக்குப் போங்கள். அலுவலக அறைக்கு நேராகப் போக வேண்டாம். வராந்தாவில் கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள். உள்ளே நோட்ஸ் சொல்லும் சத்தம் கேட்கிறதா, பாட்டுச் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். பாட்டுச் சத்தமாக இருந்து, அதிலும் ஒரே வரி நாலைந்து தடவை திரும்பத் திரும்பக் கேட்டால், போய் ஃபீஸைக் கட்டிவிடுங்கள்.

முதலில் பிள்ளையைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

அன்புடன்.